தலையைத் தூக்கும் வரைக்கும்

கொடுத்துவைத்த மனுஷன் என்று இனி யாராவது என் காதுபடச் சொன்னால் நான் மரியாதை பார்க்க மாட்டேன். சாவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மேடையிலேயே போய்விட்டாராம், குழலும் கையுமாகப் போய்விட்டாராம், ஒரு கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டுமாம். இப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள். நான் மைக்செட்காரன். மேடைக்குப் பக்கவாட்டில், என் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். அவர் எப்படிப் போனார் என்று பார்த்தவன். அதற்குக் கொடுப்பினை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

அவரை எல்லோரும் மூச்சண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பகலில் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குவார். லீவு நாட்களில் எங்கள் பாட்டுக்குழுவில் குழல் ஊதுவார். கடைந்தெடுத்த கறுப்பு மரக்குழல், நல்ல நீளம். நாற்காலியில் உட்கார்ந்து ஊதினால் அடிமுனை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வந்து நிற்கும். ஒரே சுரத்தைப் பிடித்தார் என்றால் விடமாட்டார். கூட்டத்தில் முன்னால் நிற்கும் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துப் பார்த்து, முகம் சிவந்து, தோற்றுப்போய்ச் சிரிப்பார்கள். அவர் அப்போதும் ஊதிக்கொண்டிருப்பார்.

செத்துப்போனவர் என்பதற்காக அவரை உத்தமர் ஆக்க நான் தயாரில்லை. சரியான கோபக்காரர். தேநீரில் சர்க்கரை குறைந்தாலும் சண்டை, வண்டி தாமதமானாலும் சண்டை. யாரையும் பாராட்டியதில்லை. எங்கள் குழுவின் பாட்டுக்காரம்மா ஒரு முறை அபாரமாகப் பாடி, கூட்டமே எழுந்து நின்றது. இவர் வண்டியில் ஏறிய பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னைக்கு பரவால்ல" என்றார். அந்த ஒரு 'பரவால்ல'வை வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டினேன் என்று பாட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு விபத்து. ஒரு செருப்புக்கடைத் திறப்பு விழாவில் ஊதிக்கொண்டிருந்தபோது நடுவில் இருமல் வந்து அடைத்துக்கொண்டது. காலமெல்லாம் தின்ற சிமெண்ட் தூசி அன்றைக்குத்தான் முதலில் கணக்குக் கேட்டது. கூட்டத்துக்குத் தெரியக் கூடாது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி, மச்சான்காரன். சமாளிக்கத் தெரிந்தவன். குழல் நின்ற இடத்தில் வெறுமை தெரியாமல் இருக்க, தாளத்தை இரட்டை வேகத்துக்குத் தூக்கிவிட்டான். இவர் குனிந்தபடியே இருமலை விழுங்கி, மூச்சை நிரப்பிக்கொண்டு, தலையைத் தூக்கி ஒரே சுரத்தை நீட்டினார் பாருங்கள், தெருவே ஆடிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தத் தலை குனிகிற அயிட்டம் உண்டா என்றுதான் கேட்டார்கள். கூட்டத்துக்கு அது வித்தை. அவர் குனிந்த தலையும் அசையாத உடம்புமாக உட்கார்ந்திருக்க, மேளம் ஏற ஏற, எப்போது நிமிர்வார் என்று ஜனம் துடிக்கும். அது மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிற இடம் என்பது எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். குழுவில் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. அவர் தலையைத் தூக்கும் வரைக்கும் மேளம் நிற்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி.

ஒரே ஒரு முறை மச்சான்காரன் அதை மீறினான். வழக்கத்தைவிட அதிக நேரம் அவர் குனிந்திருக்கவே, பயந்துபோய் கையை நிறுத்திவிட்டான். அவர் மெதுவாக நிமிர்ந்தார். அத்தனை பேர் முன்னாலும், மைக் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், "என் மூச்சுக்கு நீ என்ன கணக்குப்பிள்ளையா?" என்று கேட்டார். என் பெட்டி அதை அப்படியே தெரு முழுக்கச் சொன்னது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதோடும் விடவில்லை. மாதக்கணக்கில் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வண்டியில் வருவோம். இவர் முன்சீட்டில், அவன் கடைசியில் மேளத்தைக் கட்டிக்கொண்டு. அப்புறம் அவர் மனைவி, எங்கள் அண்ணிதான் இருவரையும் ஒரே இலையில் உட்கார வைக்காத குறையாகச் சமாதானம் செய்து வைத்தார். அன்றிலிருந்து அவன் கை மறந்தும் நின்றதில்லை.

வருஷங்கள் போகப் போக, குனிகிற நேரம் நீண்டது, ஊதுகிற நேரம் குறைந்தது. என் பெட்டியில் குழலுக்கான குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தேன். கடைசிக் காலத்தில் ஜனம் கேட்ட சத்தத்தில் பாதிதான் அவருடையது, மீதி என் பெட்டியுடையது. அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ ஊது, நான் தலையாட்டிட்டு உட்காந்திருக்கேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் குழுவுக்கு உடுப்பு தைக்கும் தையல்காரர் அவருக்குப் பால்ய சிநேகிதர். மூச்சண்ணன் அவரிடம் போய், சட்டைத் தோளில் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று சாக்கு. அளவெடுக்க நாடாவைப் போட்ட தையல்காரர் நம்பாமல் இரண்டு முறை அளந்து பார்த்தாராம். மார்பு அவ்வளவு வற்றிப்போயிருந்தது. பஞ்சை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, நேரே அண்ணியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அண்ணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இனிக் குழலைத் தொட்டால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் தேங்காய் உடைத்தாற்போலச் சொல்லிவிட்டார். கிடங்கு வேலையும் நின்றது, குழலும் நின்றது. வீட்டில் முன்னறையும் அடுப்படியும்தான். முன்னறையில் கட்டில், கட்டிலுக்கு மேல் ஆணியில் உறைக்குள் குழல். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். விரல்கள் மட்டும் போர்வைக்கு மேல் துளைகளைத் தேடிக்கொண்டிருக்கும். பார்க்கச் சகிக்காது.

அப்போதுதான் கிடங்குத் தொழிலாளர்களின் சங்க ஆண்டுக் கூட்டம் வந்தது. வந்து உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் கூப்பிட்டார்கள். இவர் ஊதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "எல்லாம் என்கூட தூசி தின்னவனுங்க. அவனுங்களுக்கு ஊதாம வேற யாருக்கு ஊதுறது?" என்று கேட்டார். அண்ணி அழுது பார்த்தார், குழலை ஒளித்து வைத்துப் பார்த்தார், பேசாமல் இருந்தும் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு பாட்டு என்று ஒப்புக்கொண்டு, தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வாசலில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

"அவர் முகத்தையே பாத்துக்கிட்டு இரு. கொஞ்சம் முடியலன்னு தெரிஞ்சாலும் நீ நிறுத்திடணும். அவர் திட்டட்டும், அடிக்கட்டும். நீ நிறுத்திடு."

"சரிக்கா" என்றான்.

வண்டி கிளம்பியதும் முன்சீட்டிலிருந்து அவர் திரும்பாமலே கேட்டார். "உங்க அக்கா என்ன சொல்லி அனுப்புனா?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"அவ சொன்னதெல்லாம் வீட்டோட. மேடையில நான் சொல்றதுதான். தலையத் தூக்குற வரைக்கும் உன் கை நிக்கக் கூடாது."

"சரி மச்சான்" என்றான் அதற்கும். வேறென்ன சொல்வான், பாவம்.

சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. கைவைத்த இரும்பு நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். பஞ்சு வைத்த சட்டையில் பழைய ஆள் மாதிரியே இருந்தார். ஆரம்பித்தது நன்றாகத்தான் இருந்தது. நான் குமிழை முடிந்தவரை ஏற்றியிருந்தேன். பாட்டின் நடுவில் தலை குனிந்தார். கூட்டம் இதற்காகத்தானே காத்திருந்தது. ஒரே விசில், கைதட்டல். மேளம் இரட்டை வேகத்துக்கு ஏறியது.

அவர் நிமிரவில்லை. குழல் முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றியிருக்க, நெற்றி அதன்மேல் சாய்ந்திருந்தது. மச்சான்காரன் அவரையே பார்த்துக்கொண்டு அடித்தான். அவன் முகம் வேர்த்து வடிந்தது. அக்காவுக்குச் சொன்ன சரியும் அவருக்குச் சொன்ன சரியும் அவன் கண்ணில் மாறி மாறித் தெரிந்தன. கை மட்டும் நிற்கவில்லை. ஜனம் தாளத்துக்குச் சேர்ந்து கைதட்ட ஆரம்பித்தது. பாட்டுக்காரம்மாதான் எழுந்து அவர் பக்கத்தில் போனார். தோளைத் தொடக் கை நீட்டியபோது, அவன் அடித்துக்கொண்டே சொன்னான்:

"தொடாதீங்கக்கா. நிமிந்தா திட்டுவாரு."

பாட்டுக்காரம்மா தொட்டார். தோளில் இருந்த பஞ்சுதான் அமுங்கியது. அவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். அப்போதும் மேளம் உடனே நிற்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டத்தில் கடைசி வரிசைக்காரர்கள் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவர் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது. குனிந்த உடனேயா, மேளத்தின் நடுவிலா, தூக்கி நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா, எதுவும் தெரியாது. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரர்தான் ஒரு கதையைக் கட்டினார். பாட்டை முழுசாக முடித்தார், குழலை மடியில் வைத்தார், சிரித்தார், கண்ணை மூடினார். நல்ல எண்ணத்தில்தான் கட்டினார். எல்லோரும் அதையே சொன்னோம். அண்ணி கேட்டுக்கொண்டார், எதிர்க்கேள்வி கேட்கவில்லை. மச்சான்காரன் அக்கா முகத்தில் விழிக்கவே இல்லை. மேளத்தை என் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதே கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேளத்தையும் எடுத்துவரச் சொல்லி அண்ணி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். படத்துக்குப் பக்கத்தில் வைப்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். பாட்டுக்காரம்மா அந்தப் 'பரவால்ல' கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு அழுதார். தையல்காரர் பஞ்சுக் கதையைச் சொல்ல வந்து, பாதியில் இறங்கினார். சங்கச் செயலாளர் பேச வந்தார், அன்றைக்குக் கண்ணால் பார்த்தவர், ஆனாலும் அண்ணிக்காக அதே கதையைத்தான் எடுத்தார். பாட்டை முடித்துவிட்டு, குழலை மடியில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார், கொடுத்துவைத்த மனுஷன் என்றார்.

முன்வரிசையில் இருந்த அண்ணி எழுந்தார். மைக் கேட்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"அவர் என்னைக்கும் குழல மடியில வச்சதில்ல. ஊதி முடிச்சா தோள்லதான் சாய்ப்பாரு. நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும், யாரும் நடந்ததச் சொல்லலன்னு." பிறகு கதவோரம் திரும்பிப் பார்த்தார். அங்கே மச்சான்காரன் நின்றுகொண்டிருந்தான். "நீ சொல்லுடா. நீ எப்ப நிறுத்துன?"

கூடம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. அவனுக்குப் பொய் சொல்ல வழியிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் அவனுக்காகவும்தானே அந்தக் கதையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"நான் நிறுத்தலக்கா" என்றான்.

அண்ணி மேடையேறி, அந்த இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேளத்தைக் கையால் காட்டினார்.

"அன்னைக்கு அடிச்ச மாதிரியே அடி. அவர் கடைசியா கேட்டத நானும் கேக்கணும்."

அவன் முடியாது என்று தலையாட்டினான். அழுதான். அண்ணி காத்திருந்தார். கடைசியில் வந்து மேளத்தை மாட்டிக்கொண்டான். அண்ணி நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அவன் அடித்தான். முதலில் தாளம் தடுமாறியது, பிறகு பழக்கம் ஏறிக்கொண்டது. இரட்டை வேகம். சுவரெல்லாம் அதிர்ந்தது. அண்ணி நிமிரவில்லை. அவன் அக்காவின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு அடித்தான், கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. பாட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கை தானாகக் குமிழைத் தேடிப் போயிருந்தது, எதற்கென்று தெரியாமல். போதும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் மற்றவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மேளத்தின் தோலில் ரத்தம் தெரிந்தது, அவன் விரல் கிழிந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அண்ணி தலையைத் தூக்கினார்.

"போதும்டா. நிறுத்து."

மேளம் நின்றது. அண்ணி அவனைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். என்னை, தையல்காரரை, பாட்டுக்காரம்மாவை, செயலாளரை, கூடம் நிறைய உட்கார்ந்திருந்தவர்களை.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்ல, அன்னைக்கு இத்தன பேர்ல ஒருத்தருக்கும் வாய் வரலையா?"

அண்ணி தம்பியின் தோளிலிருந்து மேளத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். முந்தானையைக் கிழித்து அவன் விரலில் சுற்றினார். பிறகு அவனைக் கையைப் பிடித்து நடத்தி, எங்கள் நடுவிலாகவே வெளியே கூட்டிக்கொண்டு போனார். மேளம் இப்போதும் என் வண்டியில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு அவன் வரவில்லை, கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் தைரியம் வரவில்லை.