தயிர்ச் சட்டிக் கூரை

டெல்லி கரோல் பாக்கில் ஒரு பழைய வீட்டை இடிக்க மாட்டேன் என்று நான் சொன்னபோது, என் கையில் வேறு வேலை எதுவும் இல்லை. அரசாங்கக் கட்டட இலாகா உத்தியோகத்தை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே வரைபடத்தைச் சென்னைக்கும் சிம்லாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த மேலதிகாரியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வரைவதும் நானே, கட்டுவதும் நானே என்று தனியாகத் தொழில் தொடங்கினேன். ஒரு பெண் சாரத்தில் ஏறி நிற்பதைப் பார்ப்பதற்கென்றே தெருவில் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் மத்திய அமைச்சகம் ஒன்றில் அண்டர் செக்ரட்டரி. அவர் மனைவி கணக்கு டீச்சர். இருவருக்கும் பூர்வீகம் கும்பகோணம். கல்யாணமானதிலிருந்து அரசாங்கக் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டு, அந்த வீட்டை ஒரு பஞ்சாபிக் குடும்பத்திடமிருந்து வாங்கியிருந்தார்கள். கனத்த செங்கல் சுவர்கள், நடுவில் சின்ன முற்றம். கூரைதான் மோசம். அதைத் தாங்கிய மரக்கட்டைகளைக் கறையான் அரித்திருந்தது. அவருக்கோ எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டு, எதிர் வீட்டைப் போல ஒரு கான்கிரீட் பெட்டியும் மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னலும் வேண்டும்.

"மே மாசம் மத்தியானத்துல அந்த எதிர் வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சொன்னார்: "நான் போயிருக்கேன். அந்தம்மா ஈரத் துணியைத் தலையில போட்டுண்டு ரொட்டி பண்றா."

அந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

சுவர்களைத் தொடவில்லை. தேவையில்லாத இரண்டு தடுப்புகளை மட்டும் பிரித்து, அந்தச் செங்கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மேற்குச் சுவருக்கு வெளியே சற்று இடைவெளி விட்டு இன்னொரு சுவர் எழுப்பினேன். வெயில் அதோடு நிற்கட்டும். முற்றத்தை மூடி ஓர் அறையாக்கலாம் என்றார் வீட்டுக்காரர். மூடினால் காற்று எந்த வழியாகப் போகும் என்று கேட்டு அதையும் மறுத்தேன்.

மிச்சமிருந்தது கூரை. ஆசிய விளையாட்டுகளுக்காக ஊரெங்கும் பாலமும் ஸ்டேடியமும் எழும்பிக்கொண்டிருந்த சமயம். சாதாரண ஜனங்களுக்குச் சிமெண்ட் குதிரைக்கொம்பு. நான் யோசித்தது இதுதான்: கூரையின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் மண் சட்டிகளை இரண்டிரண்டாக வாயோடு வாய் பொருத்தி வைத்தால் சிமெண்ட் மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். மிட்டாய்க் கடைகளில் தயிர் உறையவைக்கும் சட்டியே போதும். குயவர்களிடம் சொல்லி ஒரு டெம்போ நிறைய வரவழைத்தேன்.

டெம்போ வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் அண்ணாவும் வந்திருந்தார். ரயில்வேயில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற எஞ்சினியர். ஒரு சட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கூரை போடறேளா, தயிர் வடை போடறேளா?"

சட்டியையும் கம்பியையும் வைத்து விளக்கினேன். கேட்டுக்கொள்ளவே இல்லை. தம்பியிடம் திரும்பி, இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன் என்றார். அவர் பேச்சைக் கேட்டு மேஸ்திரி மறுநாள் வரவில்லை. வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வழக்கமான கூரையே போட்டுவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். போடலாம், ஆனால் அதைப் போட நான் வரமாட்டேன் என்றேன். அன்று சாயங்காலம் அவர் மனைவி என் வரைபடத்தை வாங்கி, கணக்கை முதலிலிருந்து தானே போட்டுப் பார்த்தார். பிறகு கணவரிடம் வேலை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நான் வேறு மேஸ்திரியைப் பிடித்தேன்.

கூரை போட்டு, தண்ணீர் கட்டி, நன்றாக இறுகி, முட்டுகளை எடுத்த பிறகு அண்ணா மறுபடியும் வந்தார். நேராக என்னிடம்தான் கேட்டார்.

"இதும்மேல பாரம் ஏத்தினா, கீழ நீங்க உக்காருவேளா?"

"உக்காருவேன்."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. தமாஷுக்குக் கேட்டேன் என்று சமாளித்தார். நான் விடவில்லை. அடுத்த ஞாயிறே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

என்னிடம் வேலை பார்த்த விழுப்புரத்துப் பெண்கள் மிச்சச் செங்கல்லையெல்லாம் தலைச்சுமையாக மாடிக்கு ஏற்றினார்கள். ஒரு கல்யாணக் கூட்டமே ஏறி நின்றாலும் வராத பாரம். நான் கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, மடியில் பலகையை வைத்து வரைய உட்கார்ந்தேன். வரையவில்லை. கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே ஒவ்வொரு கல்லும் இறங்கும் சத்தம் என் பிடரியில் கேட்டது. "அக்கா, பாத்தது போதும், வெளிய வந்துருங்க" என்று ஒருத்தி மாடியிலிருந்து கெஞ்சினாள். அசையவில்லை. அந்த அண்ணா வாசற்படியிலேயே நின்றார். அவர் பார்க்க நான் எழுந்திருக்கப் போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் இன்னொரு நாற்காலியோடு உள்ளே வந்தார். கையில் ஒரு கட்டுப் பரீட்சைத் தாள். கணவர் வாசலிலிருந்து பதறிக் கூப்பிட்டார்.

"என் வீடு. நான் உக்காரறேன்," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். என் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்தார்.

சாயங்காலம் வரை அப்படியே இருந்தோம். சுவருக்குச் சுவர் நான் இழுத்துக் கட்டியிருந்த நூலிலிருந்து கூரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அண்ணாவே ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்கேல் வைத்து அளந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அளந்தார்.

"இன்னிக்குத் தாங்கிடுத்து. பத்து வருஷம் கழிச்சுச் சொல்லுங்கோ."

"சொல்றேன். விலாசம் குடுத்துட்டுப் போங்க," என்றேன்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

கோடைக்கு முன்னால் குடிவந்தார்கள். மே மாதம் மின்சாரம் போன மத்தியானங்களில் எதிர் வீட்டு அம்மாள் கைவேலையை எடுத்துக்கொண்டு இவர்கள் கூடத்துக்கு வந்துவிடுவாராம். சட்டிகளின் அடிப்பாகம் கூரையில் வரிசையாகச் சிவப்பு வட்டங்களாகத் தெரிந்தது. அதை மறைத்துப் பூசிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். டீச்சர் சம்மதிக்கவில்லை. என்னை வீட்டுக்காரர் ஒருநாளும் பாராட்டியதில்லை. ஆனால் ஆபீஸில், வீட்டை இடிக்க வேண்டாம் என்று தானே முடிவெடுத்ததாகச் சொல்லித் திரிந்தார் என்று கேள்வி. அவர் அண்ணா பிறகு சென்னையில் ஒரு வீடு கட்டினார், எதிர் வீட்டைப் போலவே. அது அவர் இஷ்டம்.

வீட்டுக்காரரின் ஆபீஸ் பேச்சைக் கேள்விப்பட்டு, கட்டியது யார் என்று விசாரித்துக்கொண்டு லாஜ்பத் நகரிலிருந்து ஒரு டாக்டர் என்னைத் தேடி வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே, முதலில் தன் பழைய வீட்டை இடித்துவிடலாம், ஜல்தி ஆகவேண்டும் என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, இடிக்கும் முன் கூரையை நான் பார்க்க வேண்டும், அவர் வீட்டில் மாடிக்குப் போக ஏணி இருக்கிறதா என்று கேட்டேன்.