அத்தைக்குக் கட்டிய பரண்

எங்கள் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி. உலகத்தில் தோலால் ஆகாத காரியம் ஒன்றும் இல்லை என்பது அவருடைய கட்சி. கதவுக் கீல் உடைந்தால் தோல், கட்டில் கயிறு அறுந்தால் தோல். எனக்குக் காது குத்தியபோது கம்மலுக்குக்கூடத் தோலைத் தேடியிருப்பார், அம்மா விடவில்லை.

அப்பாவின் தங்கை புருஷன் வீட்டிலிருந்து மாட்டுவண்டியில் படுத்தபடி திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. அத்தைக்கு க்ஷயரோகம். எனக்குச் சொன்னது இருமல். எனக்கும் இருமல் வருவதுண்டு. அதற்காக யாரும் எனக்குத் தனி அறை கொடுத்ததில்லை, தனித் தட்டு வைத்ததில்லை. அத்தைக்கு மட்டும் இத்தனை உபசாரமா என்று பொறாமையாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பக்கத்தில்தான் நான் படுப்பேன், அவள் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. அந்த இடம் எனக்குத் திரும்ப வேண்டும். என் வழக்கு அவ்வளவுதான்.

கிடங்கு நாற்றம் எட்டாத இடத்தில், நல்ல காற்றில், பகலெல்லாம் படுத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு. காற்றுக்குக் குறைவில்லை, ஆடு மேய்ப்பவனின் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு போகும். ஆனால் கட்டில் போடச் சமமாக ஒரு முழம் இடம் கிடையாது, எல்லாம் பாறை. பரண் கட்டிவிடலாம் என்றார் அப்பா.

கல் உடைப்பவர்கள் இருவர் வந்து பாறையில் நான்கு குழி அடித்தார்கள். மேட்டுப் பக்கக் கால்கள் இடுப்பளவு, பள்ளத்துப் பக்கக் கால்கள் இரண்டு ஆள் உயரம். மரவேலைக்கு வந்த ஆசாரியும் ஆட்களும் பலகைகளை விரல் இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். நெருக்கிப் பரப்பினால் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடுமாம். கிடங்குக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை வந்த சாக்குகளில் கல்லை நிரப்பி, அசையாமலிருக்க அடியில் தொங்கவிட்டார்கள். அதுவரை ஆசாரிக்கும் அப்பாவுக்கும் சண்டையில்லை. கால்களைக் குறுக்குச் சட்டங்களோடு சேர்க்கும்போதுதான் வந்தது.

“போல்ட்டு போட்டுடலாம் மேஸ்திரி. பேய்க் காத்து அடிக்கிற எடம்,” என்றார் ஆசாரி.

“மரம் உன் வேல, கட்டு என் வேல,” என்றார் அப்பா. “பச்சத்தோலு காஞ்சிடுச்சின்னா இரும்புலாம் இன்னாத்துக்கு?”

ஈர எருமைத்தோலை வார்வாராகக் கிழித்து அவரே கட்டினார். இரண்டு நாள் வெயிலில் தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொண்டது. அப்பா பரண்மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். ஆசாரி உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காலையில் அப்பா அத்தையைப் பரண்மேல் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து இறக்குவார். பரணுக்குப் போகிற வழியிலிருந்த புளியமரத்தை நான் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பத்து நாள் மரத்தடியில் நின்று கத்திக் கத்திப் பேசினேன். பாதியைக் காற்று தின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை, முதலாளி சாயபு கிடங்குக்கு விடுமுறை விடும் நாள், அப்பா வீட்டு வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா கிணற்றடியில். நான் தாண்டினேன்.

பரணுக்கு மேட்டில் இருந்த பாறைக்கு வந்து சேர்ந்தேன். மடமடவென்று சத்தம். பள்ளத்துப் பக்கக் கால்கள் இரண்டும் விரிந்து பரண் அப்படியே சாய்ந்தது. கட்டில் சறுக்கிக் கீழே விழுந்து நொறுங்கியது. அத்தை மேட்டுப் பக்கக் காலைப் பிடித்துக்கொண்டு, சரிந்த பலகையில் கிடந்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன். எட்டும் தூரம்தான்.

“கிட்ட வராதடி! போடி அந்தாண்ட!”

அத்தை என்னை அப்படி விரட்டியதே இல்லை. ஒரு கையால்தான் பரண் காலைப் பிடித்திருந்தாள். மற்றக் கையால் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. அப்போதும் என் கையைத் தொடவில்லை. நான் அலறியதைக் கேட்டு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்த அப்பாதான் அவளைத் தூக்கினார்.

தரையை ஒட்டியிருந்த கட்டுகளை நரிகள் தின்றிருந்தன. கிடங்கில் தோலண்டை வரும் நாய்களை விரட்ட எப்போதும் ஓர் ஆள் உண்டு. அதனால் தோல் தின்கிற பண்டம் என்பதே அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. அப்பா நேரே போல்ட்டு வாங்கப் போனார். ஆசாரி வந்து அவற்றை மாட்டினார். முடுக்கும்போது சீட்டியடித்தார், அவ்வளவுதான்.

அத்தை மறுபடியும் பரண் ஏறினாள். நான் புளியமரத்தடிக்குக்கூடப் போகவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அத்தை அம்மாவிடம் சொல்லியனுப்பினாள்.

“கொழந்த கோவமா இருக்குதான்னு கேக்குறா உங்க அத்த.”

“ஆமான்னு சொல்லு. இனிமே வரவே மாட்டேன்னு சொல்லு.”

அம்மா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. “நல்லதாப் போச்சு, அப்பிடியே இருக்கட்டும்னு சொன்னா,” என்றாள்.

அவளுக்கு நான் வேண்டாம் என்றால் எனக்கும் அவள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அவள் இருந்த இரண்டு மாதமும் மலைப் பக்கம் திரும்பவில்லை. புரட்டாசியில் அத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் அழாததைப் பார்த்து, பாவம், குழந்தைக்கு விவரம் தெரியவில்லை என்றார்கள். விழப்போகும்போதுகூட என் கையைப் பிடிக்காத அத்தைக்காக நான் ஏன் அழ வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.