தமிழ்த் துண்டுக்கான பேக்கேஜ்

“…அந்தப் பேக்கேஜைப் போட்டால் மற்றச் சோதனையெல்லாம் பிழைச்சுப் போகுது தம்பி, போடாட்டில் தமிழ் எழுத்து வெறும் பெட்டி பெட்டியாய்த் தெரியுது” என்றா ஜெசிந்தா அக்கா.

நோயாளிகளின் போனுக்கு அடுத்த கிளினிக் திகதித் துண்டைப் படமாக அனுப்பும் மென்பொருளை, யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும்தான் தானியங்கியாகச் சோதித்தோம். புதுச் சேர்வருக்கு மாறியதும், தமிழ் எழுத்தை வரையும் பழைய துணை மென்பொருளான அந்தப் பேக்கேஜ் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. எதை மாற்றிப் பார்த்தாலும் திரையில் பிழை என்று காட்டும் சிவப்புத்தான். கடைசியில், தமிழை விட்டுவிட்டு அனுப்பச் சொன்னார் கொழும்பு மனேச்சர்.

“எடுத்துவிடுவமே அக்கா? அந்தப் பேக்கேஜைக் கூப்பிடுற ஒரு வரிதானே!”

“ஓம்” என்று அழித்தா. எல்லாம் பச்சையானது. நான் சந்தோசத்தில் மேசையைத் தட்டினேன். அந்தத் தட்டு இன்றைக்கும் என் கையில் கூசுகிறது.

அக்கா குருநகரில் இருக்கும், மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் தன் அம்மாவுக்குப் போன் எடுத்தா. “அம்மா, இனித் துண்டு இங்கிலீசிலைதான் வரும். உங்களுக்கு விளங்காது, நீங்கள் பார்க்காதேங்கோ, நான் வந்து வாசிச்சுச் சொல்லுறன்.”