துபாய் நேரப்படி காதுகுத்து

எங்க தெருவுக்கு மொத மொத டெலிபோன் வந்துச்சே... அது மணியடிக்கும்போதெல்லாம் எதுத்த வீட்டு நாயும் சேந்து ஊளை விடுமே, அந்த வருஷம். எந்த வருஷம்னு கேட்டா சொல்லத் தெரியாது. செவலை நாய். அது மட்டும் ஞாபகம் இருக்கு.

அப்பத்தான் எம் பொண்டாட்டி சரசோட தம்பி முருகேசன் துபாய்க்குப் போனான். திருவனந்தபுரம் வரைக்கும் ஏத்திவிடப் போயி, டிக்கெட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். காலையில ஆறுக்குப் பிளேன் கிளம்பி எட்டரைக்கு அங்க எறங்குதாம். ரெண்டரை மணி நேரம்! ராஜபாளையத்துல இருந்து மதுரைக்கு பஸ்ஸுக்கே அம்புட்டு நேரம் ஆவுமே?

டீக்கடையில வந்து சொன்னேன்... மதுரையும் துபாயும் ஒண்ணுதாம்லே.

"அப்ப நம்ம மலையடி செண்பகத்தோப்புக்கு நடக்கிற நேரத்துல துபாய்க்கே போயிரலாமோ?"ன்னான் ஒருத்தன்.

போயிரலாம்னேன். பள்ளிக்கூடம் போகாதவன்தான். ஆனா மில்லு சங்குக்கே எந்திரிச்சு, மில்லு சங்குக்கே படுத்தவன். மணிக்கணக்குல என்னைய ஏமாத்த ஏலுமா?

ரெண்டு வருஷம் போச்சு. எம் மக காதுகுத்துக்கு வாரேன்னு கடிதாசி போட்டான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறுக்கு அங்க ஏறுதானாம்.

கணக்குப் போட்டேன். எட்டரைக்கு எறக்கம். பெட்டி பரிசோதனைக்கு ஒரு மணி நேரம். செங்கோட்டை வழியா காருக்கு அஞ்சு மணி நேரம். ரெண்டரைக்கு வீடு. மூணுல இருந்து நாலரைக்குள்ள காதுகுத்து — நாலரைக்கு மேல ராகுகாலம் — எப்படி என் கணக்கு?

மூணாச்சு. நாலாச்சு. திருவில்லிபுத்தூர்ல இருந்து வந்த ஆசாரி மூணாவது காப்பி குடிச்சிட்டாரு.

"மணிக்கணக்குல புலின்னீயளே, எந்தம்பி எங்க?"ன்னா சரசு.

அவளுக்குப் பெரியப்பா மகன் ஒருத்தர், மம்சாபுரத்துக்காரரு. சமயம் பாத்து மடியில துண்ட விரிச்சு உக்காந்துட்டாரு. "புள்ளையக் கொண்டா சரசு. நானும் மாமன்தானே?"

"எந்தம்பி ரெண்டு வருஷமா லீவு சேத்து வச்சு வாரான். அவன் மடியில்லாம எம்மவ காதுல ஊசி ஏறாது!" புள்ளையத் தூக்கிட்டு அடுப்படிக்குள்ள போயி கதவச் சாத்திட்டா.

அஞ்சு நாப்பதுக்குக் கார் வந்துச்சு.

"இப்ப ராகுகாலம். ஆறுக்கு மேல விளக்கு வச்சிருவாக, அப்புறம் காது குத்தக் கூடாது. இன்னைக்கு முடியாது"ன்னாரு மம்சாபுரம்.

முருகேசன் கையை நீட்டினான். "அத்தான், என் வாட்ச்சைப் பாருங்க. நாலு பத்துதான். துபாய் மணி நமக்கு ஒன்னரை மணி நேரம் பின்னால ஓடுது."

அட... நெசப் பயணம் நாலு மணி நேரமாம்! போகும்போது ஒன்னரையக் கடிகாரம் முழுங்கியிருக்கு, வரும்போது கக்கியிருக்கு. ஒத்துக்கிட முடியுமா நானு?

"துபாய் நேரத்துக்குத்தான்யா நான் நல்ல நேரமே குறிச்சேன்"னேன்.

"காது துபாய்லயா இருக்கு?"ன்னு மம்சாபுரம் எகிறினாரு.

"காது இங்கதான். மடி துபாய்ல இருந்துல்லா வந்திருக்கு!"

ஆசாரி ஊசியக் கையில எடுத்தாரு. "எனக்குக் காதுதான் குத்தத் தெரியும். மணிய மாமனே பாத்துக்கிடட்டும்."

கதவு தொறந்துச்சு. மாமன் மடியில உக்காந்து புள்ள அழுத அழுகையில, எதுத்த வீட்டு நாயும் சேந்துக்கிடுச்சு. இன்னைக்கும் நான் மணி என்னன்னு கேட்டா, "எந்த ஊரு மணி?"ங்கா சரசு.

உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல வெளிநாட்டுல இருந்து தாய்மாமன் வந்தா, தயவுபண்ணிச் சொல்லிருங்க... காது குத்தி முடியிற வரைக்கும் வாட்ச்சை நம்மூரு நேரத்துக்குத் திருப்பி வைக்க வேண்டாம்னு.