தடுமாறாமல் பேச வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்

போன வருஷம் வைகாசியில் என் தம்பி மகளின் முகத்தை ஒரு பேனரில் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு மண்டபத்தின் வாசலில் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். கையில் இருந்த பை தானாக நழுவிக் கீழே விழுந்தது. அந்த இரண்டு வரியில் இருந்தது அவளைப் பெற்றவளைப் பற்றிய விஷயம். அதை நான் இரண்டே இடத்தில்தான் வாய் திறந்து சொல்லியிருந்தேன். ஒன்று கோமதியம்மாள் சன்னதி. இன்னொன்று அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மாலை கிளாஸ் நடத்துகிற சாரின் அறை.

அம்மாளை நம்பிப் பிழைக்கிற அக்கா தங்கைகளே, அண்ணாச்சிமார்களே, எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சத்தம் இல்லாமல் வந்துவிடுவேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் அம்மாள் எனக்குச் செய்ததை மூடி வைத்திருந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். நான் செய்த கெடுதலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் போய் வெகுநாள் ஆகிறது. விசைத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பது என் தொழில். தறிக்குப் போகிற நூலை மெஷினில் சின்னக் கட்டைகளில் சுற்ற வேண்டும். என் தம்பியும் தறியில்தான் வேலை பார்க்கிறான். அவன் பெண்சாதி வீட்டை விட்டுப் போனபோது பிள்ளைக்கு ஆறு வயது. ஏன் போனாள், எப்படிப் போனாள் என்பதுதான் நான் சொன்ன விஷயம். அதை இங்கே எழுத மாட்டேன். பிள்ளையின் பெயரையும் எழுத மாட்டேன். யாரும் கோபப்பட வேண்டாம். அன்றிலிருந்து அவள் என்னிடம்தான் வளர்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடத்தில் அவள் தேறவில்லை. தம்பி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “ஏக்கா, பத்தாவதுல இவ பெயிலானா ராஜபாளையம் மில்லு வேன்ல ஏத்தி விட்டுருவேன். ஆஸ்டலு, சோறு எல்லாம் அவங்க பொறுப்பு. நீ குறுக்க வராத.”

அந்த மில்லுக்குப் போன எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்தவளை அவள் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிவு. இருமல் இன்னும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பை நிறுத்திவிடக்கூடிய பிள்ளைகள் என்று ஒரு லிஸ்ட் எடுத்தார்கள். எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். இவள் பெயர் இரண்டாவது. கோடை லீவில் காலையிலும், பள்ளிக்கூடம் திறந்த பிறகு சாயங்காலமும் அந்த மண்டபத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருவார்கள் என்றார்கள். அம்மாளே வழி காட்டிவிட்டாள் என்று நினைத்துச் சித்திரையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சேர்க்கிற பாரத்தில் குடும்பச் சூழல் என்று ஒரு இடம் இருந்தது. எனக்குப் பிழை இல்லாமல் எழுத வராது என்று சொன்னேன். சார் ஃபேனைப் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “சொல்லுங்க பெரியம்மா, நான் எழுதிக்கிறேன். எங்கிட்டச் சொல்றது சாமிகிட்டச் சொல்ற மாதிரி” என்றார். என்னை யாரும் உட்கார வைத்துப் பேச்சுக் கேட்டதில்லை. வாய் திறக்காமலே இருந்தவளிடம் ஒருத்தர் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? அத்தனையையும் கொட்டிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே வரும்போது பாரம் இறங்கினாற்போல இருந்தது. அந்தப் பாரம் பிள்ளை தலையில் இறங்கியிருக்கிறது என்று வைகாசியில் பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஓடிப்போய்ச் சாரிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது அதிகம். கதவுப் பக்கம் நின்று முந்தானையைத் திருகினேன். அவருக்கே புரிந்துவிட்டது. “பெரியம்மா, கஷ்டத்தைச் சொன்னாத்தான் பணம் குடுக்கிற பெரியவங்க மனசு எறங்கும். அவங்க மனசு எறங்குனாத்தான் கிளாஸ் நடக்கும். நம்ம பிள்ளைக நல்லதுக்குத்தான?” என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரி சார் என்றுதான் சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், கூடப் படிக்கிறவள் ஒருத்தி பிரேயரில் வைத்தே கேட்டிருக்கிறாள். “ஏட்டி, ஒங்கம்மா இப்ப எங்கன இருக்கா? பேனர்ல அட்ரஸைப் போட மறந்துட்டாவளே!” வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. அன்று சாயங்காலம் பிள்ளை என்னிடம் கத்தவில்லை. பையை வைத்துவிட்டு நின்றாள்.

“நீதான சொன்ன?”

நான் கையில் இருந்த தார்க்கட்டையையே பார்த்தேன்.

“எனக்குன்னு வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான் அத்தே. அதையும் ஊருக்குக் குடுத்துட்டியே.”

அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் அவள் பேச்சே இல்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவாள். அவ்வளவுதான்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மண்டபத்துக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து காரில் வருவார்கள். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக மேடையில் ஏறி, மைக்கில் அவரவர் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் நாங்கள் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கதை பிடித்தால் அவர்களில் ஒருவர் அந்தப் பிள்ளையின் பொறுப்பை ஏற்பார். இவள் இரண்டு தடவை ஏறினாள். இரண்டு தடவையும் பாதியில் திக்கி இறங்கிவிட்டாள். சார் என்னைக் கூப்பிட்டு, அடுத்த தடவையும் இப்படி என்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். இடம் போனால் படிப்பு போகும். படிப்பு போனால் மில். எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

ஆடி வந்தது. தவசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. நம் ஊரில் கொடி ஏறினால் ஆடிச்சுற்று சுற்றுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். சங்கரநாராயணராகச் சாமியைப் பார்க்க அம்மாள் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், நாம் கோயிலைச் சுற்றினால் அந்தக் கால்வலியில் கொஞ்சம் நமக்கு வரும், அவளுக்குக் குறையும் என்று நம்பிக்கை. நான் நூற்றியொரு சுற்று நேர்ந்துகொண்டேன். என்ன வேண்டி? என் பிள்ளை வருகிற சனிக்கிழமை மேடையில் தடுமாறாமல் பேச வேண்டும் என்று. அழுத்தமாகச் சொல்லுகிறேன், அதுதான் என் வேண்டுதல். கால் வீங்க வீங்கச் சுற்றினேன். கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை வாங்கி வந்து, பேசாமல் இருக்கிற பிள்ளையின் நெற்றியில் நானே பூசிவிட்டேன்.

அம்மாள் கொடுத்தாள். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளை மைக்கைப் பிடித்துத் தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பேசினாள். தாயைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நிறுத்தினாள். கண்ணில் நீர் வந்தது. கீழே இருந்தவர்கள் கர்சீப்பை எடுத்தார்கள். நான் இரண்டு கையையும் கூப்பி, தாயே என்றேன். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுந்தார். “பாப்பா, போன்ல சத்தம் சரியா விழலடா. முதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

பிள்ளை முதலிலிருந்து சொன்னாள். அதே சொல், அதே குரல். அதே இடத்தில் நிறுத்தினாள். அதே இடத்தில் கண்ணில் நீர் வந்தது.

அந்தக் கண்ணை நான் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஆளே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தாள். “அத்தே, நல்லா அழுதேனா?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். ஒன்பது சுற்று பாக்கி இருந்தது. கால் எழவில்லை. அம்மாள் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். “தாயே, நீ நிற்கிற நிலையில் உனக்கே கால் வலிக்கும் என்று ஊரே சுற்றுகிறது. ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்தி வைத்து அழ வைக்க உன்னிடமே வந்து உதவி கேட்டேனே. கொடுத்ததை எடுத்துக்கொள். அவளுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடு. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை” என்று அழுதேன்.

அடுத்த கூட்டத்தில் சார் இவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் மேடை ஏறினாள். நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

“ஐயா, எம் பிள்ளைகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணும் கெடையாது. இங்கன படிக்கத்தான வந்தா? கணக்குக் கேளுங்க.”

பின்னாலிருந்து எங்கள் தெருக்காரி ஒருத்தி, “இவளுக்கு வாய் உண்டா? இத்தன வருசமா ஊமைன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சார், “பெரியம்மா, உக்காருங்க. கெடைக்கிறதக் கெடுத்துராதீங்க” என்றார். நான் உட்காரவில்லை.

“அந்த விஷயத்தச் சொன்னது நான். சொல்ல எனக்கு உரிமை கெடையாது. அது அவளுது. அவகிட்டத் திருப்பிக் குடுத்துருங்க.”

சிரிப்பு நின்றது. பிள்ளை மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. “போவோம்” என்றாள். போனோம்.

அன்றே அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். நன்றி கெட்ட ஜனங்கள் என்று சார் சொன்னதாகக் காதுக்கு வந்தது. தம்பி வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான். “எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்திருக்கா பாரு! இனி மில்லுதான்!” பேனரை யாரும் கழற்றவில்லை. ஐப்பசி மழையில் தானாகக் கிழிந்து தொங்கியது. பிள்ளை தினமும் சாயங்காலம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கம் திரும்பாது. சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தெரியும்? பேசியது தப்போ, அம்மாள் கைவிட்டுவிட்டாளோ என்று மருகினேன்.

அம்மாள் அனுப்பிய உதவி கடையநல்லூர் பஸ்ஸில் வந்தது. அந்த மண்டபத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஷமீமா டீச்சர். பி.எட். முடித்த சின்னப் பொண்ணு. ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“பெரியம்மா, எங்க நிறுத்தணும், எங்க அழணும்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். சார் சொன்னாரு, செஞ்சேன். எனக்கு உறக்கம் இல்ல. நான் இங்க வந்து படிப்பு சொல்லித் தரட்டுமா?”

நான் பதில் சொல்லும் முன்னே உள்ளேயிருந்து பிள்ளை வந்தாள். அவள் அவ்வளவு கொடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

“டீச்சர், ஒங்க வீட்டுக் கதைய மொதல்ல சொல்லுங்க. எந்த எடத்துல அழணும்னு நான் சொல்லித் தாரேன்.”

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. வாசலிலேயே நின்றாள். “சொல்ல மாட்டேன்” என்றாள்.

பிள்ளை அவளையே பார்த்தாள். பிறகு, “அப்ப உள்ள வாங்க” என்றாள்.

தார் மெஷின் ஓடினால் எங்கள் வீட்டில் காது கேட்காது. அன்றிலிருந்து ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தினேன். டீச்சர் எட்டு மணிவரை இருந்து பாடம் நடத்துவாள். கார்த்திகை முடிவதற்குள் தெருவில் இன்னும் நாலு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கூட்டத்தில் என்னை ஊமை என்றாளே, அவள் மகளும் அதில் ஒருத்தி. டீச்சர் வைத்தது ஒரே சட்டம். இங்கே யாரும் யார் வீட்டுக் கதையையும் கேட்கக் கூடாது. கணக்குத் தப்பினால் திட்டு உண்டு. நன்றாகவே திட்டுவாள். பிள்ளைகள் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள்.

இந்த வைகாசியில் ரிசல்ட் வந்தது. என் பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் மயிரிழையில். தம்பி செல்போனை வாங்கி மூன்று தடவை பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனான். மில் வேனைப் பற்றி அதற்குப் பிறகு அவன் வாயெடுக்கவில்லை. இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அம்மாளுக்கு அடுக்காது. பிள்ளை என்னிடம் முன்பு சொன்னதுபோல் எல்லாவற்றையும் சொல்லுவதில்லை. நான் அறைக்குள் போனால் சில நேரம் பேச்சை நிறுத்திவிடுவாள். அது நான் சம்பாதித்தது. அனுபவிக்கிறேன். ஆனால் மில்லுக்குப் போய் இருமலோடு மெலிந்து வந்து நிற்கவில்லை. என் கண் முன்னால் இருக்கிறாள், படிக்கிறாள். இதற்கு எந்த ஜென்மத்தில் நான் நன்றி சொல்லி முடிப்பேன்? பாக்கி ஒன்பது சுற்றையும் சுற்றிவிட்டேன், எதுவும் வேண்டாமல்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தத் தாயிடம் போங்கள். கேளுங்கள், கொடுப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைக்காகக் கேட்பதானால், கோயிலுக்குப் புறப்படும் முன் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னாலும் அவளுக்குப் புரியும். எனக்கு அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

இதை எழுதி முடித்ததும் பிள்ளை கையில் கொடுத்தேன். முழுக்க வாசித்தாள். என் எழுத்துப்பிழைகளைத் திருத்தினாள். பேனாவால் ஒரே ஒரு வரியை அடித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வரி இதில் இல்லை.