அம்மாவின் விரலைக் கடித்த ஞாயிற்றுக்கிழமை

அம்மாவின் வலது கை ஆட்காட்டி விரலை நான் கடித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பல் எலும்பில் இடித்த சத்தம் வெளியே கேட்டிருக்காது. என் மண்டைக்குள் கேட்டது. அம்மா கத்தவில்லை. விரலை இழுக்கவும் இல்லை. நான்தான் விட்டேன்.

அந்த நேரத்தில் நான் புடவைக் கடை வேலையை இழந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் இந்தியக் கடைகள் இருக்கும் வீதியில், படி ஏறிப் போகும் மாடிக் கடை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தேன். முதலாளி ஒரு அக்கா, ஓயாத பேச்சு. கடைக்கு வரும் கூட்டம் குறைந்ததும் கைப்பேசியில் நேரலையாகப் புடவை விற்க ஆரம்பித்தார். வட்ட விளக்குக்கு முன்னால் நான் ஒவ்வொரு புடவையாகத் தோளில் போட்டுக் காட்டுவேன். அவர் விலை சொல்வார்.

அப்போது நான் பூசினாற்போல இருப்பேன். பள்ளிக்கூடத்தில் யாரும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. நேரலையில் முதல் நாளே சொன்னார்கள். 'சாரிய காட்டுங்க, வயித்த காட்டாதீங்க லா.' 'இந்தப் பொண்ணுக்கு ஒரு சாரி பத்துமா?' 'கேமராவ தூரமா வைங்க, அடங்கல.' முதலாளி அக்கா அவற்றை வாய்விட்டுப் படித்துச் சிரிப்பார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரிப்பேன்.

"கோவிச்சுக்காத லா," என்பார் விளக்கை அணைத்ததும். "நாலு பேரு ஏசுனாத்தான் நாப்பது பேரு பாப்பான்."

வீட்டிலும் அதே பேச்சுதான், அதோடு கையும் இருந்தது. அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மாவை அவர் கூப்பிடும் பெயரே கண்டெய்னர். பிறை ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து அம்மா வாசலில் நுழையும்போது, "கண்டெய்னர் வந்துருச்சு, வழி விடு," என்று லாரிக் கதவைத் தட்டுவதுபோல அவள் முதுகில் ஓங்கி அடிப்பார். அவருக்கு அது வேடிக்கை. அம்மாவின் முதுகில் ஐந்து விரலும் சிவந்து கிடக்கும். என்னைப் பார்த்து, "நீயும் அந்த அச்சுல வாத்ததுதானே," என்பார்.

நான் சாப்பாட்டைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். அதை எப்படிச் செய்தேன், எப்படி மறைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதைத் தேடிப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித் தேடிப் படித்தவள்தான்.

உடம்பு கரைந்ததும் உலகம் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நேரலையில் ஏசியவர்கள் இதயக்குறி போட்டார்கள். புடவை விற்றது. முதலாளி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "இப்பதான் நீ பொண்ணு மாதிரி இருக்கே," என்றார். அப்பா காப்பிக் கடையில் கூட்டாளிகளிடம் முதல்முறையாக, "இது என் மக," என்று காட்டினார். எனக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாதவிடாய் நின்றது. வெயிலிலும் குளிரெடுத்தது. யாராவது பாராட்டும்போது மட்டும் கொஞ்சம் சூடு ஏறும்.

அந்தச் சூடு நீடிக்கவில்லை. நான் இன்னும் கரைந்தேன், அதற்குள் கைப்பேசியில் அழகு வேறு பக்கம் திரும்பிவிட்டது. இடுப்பு பெருத்த பெண்களின் காணொளிகள் வர ஆரம்பித்தன. 'எலும்புக்கு சாரி சுத்திருக்கு,' என்று ஒருவர் எழுதினார். 'பேய் சாரி விக்குது,' என்று இன்னொருவர். சில பெயர்கள் எனக்குப் பழக்கமானவை. முந்தின வருடம் கேமராவைத் தூரமாக வைக்கச் சொன்னவர்கள்.

"டிரெண்டு மாறிருச்சு மா," என்றார் முதலாளி அக்கா. "கொஞ்சம் இடுப்பு இருந்தாத்தான் இப்ப எடுப்பு. உன் மேல சாரி நிக்க மாட்டேங்குது."

மறுநாள் இரண்டு துண்டு ஸ்பாஞ்சு கொண்டுவந்தார். என் இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்து, பாவாடை நாடாவை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினார். தொளதொளத்த ரவிக்கையை முதுகுப்பக்கம் பிடித்து ஊக்கு குத்தினார். ஒரு ஊக்கு தோலைப் பிடித்துக்கொண்டது. "ஆ," என்றேன். "அசையாத லா, லைவ் போயிட்டிருக்கு," என்றார். மூன்றாவது புடவையைத் தோளில் போடும்போது விளக்கு வட்டம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மேசையின் விளிம்பில் நெற்றி மோதி விழுந்தேன். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. முதலாளி அக்கா முதலில் புடவையைத்தான் இழுத்தார், ரத்தக் கறை போகாது என்று.

நான் விழுந்ததை யாரோ வெட்டி எடுத்து, சிரிப்புச் சத்தம் சேர்த்துப் பரப்பினார்கள். முதலாளி அக்கா தொலைபேசியில், "நீ ரெஸ்ட் எடு மா, வேற பொண்ணு பார்த்துட்டேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் காணொளியோடு அப்பா வீட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் அதை அவரிடமே காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அம்மா ஆட்டிறைச்சி சமைத்திருந்தாள். எனக்காகத்தான் சமைத்தாள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. அப்பாவின் சத்தம் கேட்டு வந்தேன்.

"பாரு! உன் மகள பாரு!" கைப்பேசியை அம்மாவின் முகத்தில் அழுத்தினார். "ஆளையே தின்னுவியா நீ? எல்லாத்தையும் நீயே கொட்டிக்கிட்டு அவளுக்கு என்னத்த வச்ச?"

"அவதான் சாப்புட மாட்டேங்கறா..."

அம்மா முடிப்பதற்குள் கொண்டையைப் பிடித்து இழுத்தார். நாற்காலி சாய்ந்தது. அம்மாவின் முகத்தைக் கறிச்சட்டிக்கு மேலே கொண்டுபோய், "தின்னு, இதையும் தின்னு," என்று அழுத்தினார். ஆவி பட்டு அம்மாவின் கன்னம் சிவந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். என் கைக்குப் பலம் இல்லை. ஒரு தள்ளு தள்ளினார், சுவரில் போய் விழுந்தேன். பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். சட்டியைச் சுவரில் வீசிவிட்டு, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுவரில் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. அம்மா எழுந்து முடியைக்கூடச் சரிசெய்யவில்லை. பானையிலிருந்து சோற்றை வாரி எடுத்து என்னிடம் வந்தாள். அவள் கண்ணில் நான் தெரியவில்லை என்று தோன்றியது. முழங்காலை என் மடியில் ஊன்றி, ஒரு கையால் என் தாடையைப் பிளந்து, மறு கையால் சோற்றைத் திணித்தாள்.

"முழுங்கு. முழுங்குடி. உன்னால நான் அடி வாங்கணுமா? முழுங்கு."

மூக்கில் சோறு ஏறியது. மூச்சு விட முடியவில்லை. முன்பல் ஒன்று உதட்டைக் கிழித்தது. அவள் விரல் தொண்டை வரைக்கும் வந்தது.

கடித்தேன்.

வாயில் சோறு, ரத்தம். யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. அம்மா விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள், பாசாருக்குக் காய்கறி வாங்கக் கூப்பிடுவதுபோல. விரலைத் துவாலையில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வாடகைக் காரில் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் ஒரு தமிழ் டாக்டர், என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். காயத்தைக் கழுவித் தையல் போட ஆரம்பித்தபடி, "யார் மா கடிச்சது?" என்றார்.

"நாய்," என்றாள் அம்மா.

"நாய்னா வேற ஊசி போடணும் மா. தெரு நாயா, வீட்டு நாயா?"

"நான்தான் டாக்டர்," என்றேன்.

டாக்டர் தையல் போடுவதை நிறுத்தவில்லை. போட்டு முடித்து, கையுறையைக் கழற்றி, என் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தபடி இருந்தார். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் அம்மாவிடம் சொன்னார்: "நீங்க வீட்டுக்குப் போலாம் மா. இவள அனுப்ப முடியாது. இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. தூக்கத்துலயே நின்னுருக்கலாம்."

வார்டில் நான் நல்ல நோயாளியாக இல்லை. மூக்கு வழியே குழாய் விட்டபோது உதைத்தேன். ஒரு மலாய் நர்ஸின் கையைப் பிராண்டிவிட்டேன். அவர் சிவந்த கையைத் தடவிக்கொண்டே, "சாக்கிட் லா, அடெக்," என்றார். வலிக்குதும்மா என்பதுபோல. கோபமே இல்லாத அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. குழாயை நானே பிடுங்கி எறிந்தேன். மறுபடி விட்டார்கள். மறுபடி பிடுங்கினேன். அம்மா கட்டுப்போட்ட விரலோடு காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறைகூட, "சாப்பிடு," என்று சொல்லவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மாமா, அம்மாவின் அண்ணன், பார்வை நேரத்தில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கட்டிலருகே நின்று என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"ஐயோ, இத எவன் கட்டுவான்?" என்றார். பிறகு பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் அட்டைத் தட்டு நிறையக் கோழி முட்டை, கறுப்பு பீர் ஒரு போத்தல். "டாக்டருக்கு என்னா தெரியும்? பச்ச முட்டைய இதுல அடிச்சு காலையில குடுத்தா ஒரே மாசத்துல சதை புடிச்சிரும். உனக்குக் குடுத்தோம்ல? எப்படி ஆன பாத்தியா?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "குடிக்கலேன்னா பெல்ட்ட எடு. தானா எறங்கும்."

அம்மா எழுந்து பையை அவரிடமிருந்து வாங்கினாள். போத்தலை எடுத்து, கைகழுவும் தொட்டியில் ஓங்கி அடித்தாள். நுரையும் கண்ணாடியும் தெறித்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி அலறினாள். மாமா, "பைத்தியமா உனக்கு?" என்று அருகில் வர, இடது கையால் அவர் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். நர்ஸ்கள் பிடிக்கும்வரை அறைந்துகொண்டே இருந்தாள். மாமா திருப்பி அடிக்கக் கை ஓங்கினார், காவலாளி வந்து வெளியே கூட்டிப் போனார். முட்டைகள் தரையில் உடைந்து வழிந்து கிடந்தன. அம்மா மண்டியிட்டு அவற்றைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பத்தொம்பது வயசுல நான் உன்ன மாதிரிதான் இருந்தேன். சாப்புடாம இல்ல, உடம்பு வாகே அது. பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம், 'ஒட்டடைக்குச்சி, புள்ள தாங்காது,'னு சொல்லிட்டுப் போனாங்க. உன் மாமாதான் காலையில முட்டையும் பீரும் ஊத்துவாரு. வாந்தி எடுத்தா பெல்ட்டு. எடுத்ததுக்கு மேல இன்னொரு கிளாஸ். கல்யாணத்தப்ப நல்லா உருண்டையா இருந்தேன். உங்கப்பா பாத்து, 'மகாலட்சுமி மாதிரி இருக்கா,'ன்னாரு." துணியைப் பிழிந்தாள். "நீ பொறந்தப்புறம் கண்டெய்னர் ஆயிட்டேன். அதே உடம்புதான்."

அன்று மாலை குழாயை நான் பிடுங்கவில்லை. அதை மனமாற்றம் என்று சொல்ல மாட்டேன். களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

வார்டிலிருந்து வெளியே வந்தும் நாங்கள் ஆயர் ஈத்தாமுக்குத் திரும்பவில்லை. அம்மா தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண் மூலம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு சிறிய வீடு பிடித்திருந்தாள். அப்பா இரண்டு முறை வந்து கதவை உடைக்கப் பார்த்தார். இரண்டாம் முறை அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பிறகு வருவதில்லை. அம்மாவின் விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவே இல்லை. சின்னச் சின்ன பாகங்களைப் பொறுக்கிப் பொருத்தும் வேலை அதற்குப் பிறகு அவளால் முடியவில்லை. பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை, கால் வீங்கும். என்னை அவள் ஒருமுறையும் குறை சொன்னதில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "வாயில கைய விட்டா கடிப்பன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டாள்.

எனக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இரண்டு முறை மறுபடி பட்டினிக்குள் விழுந்தேன். ஒரு முறை குளியலறைக் கண்ணாடியைச் சோப்புப் பெட்டியால் உடைத்தேன். மருத்துவமனைக்கு இன்னும் போய் வருகிறேன், அங்கே ஓர் ஆலோசகரிடம் பேசுகிறேன். இப்போது ஒரு அச்சகத்தில் கணினி வேலை. என்னை யாரும் பார்க்க வேண்டாத வேலை. தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கிற நாள்களே அதிகம். மற்ற நாள்களில் அம்மா எதிரே உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிடுகிறாள். நான் முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை.

போன மாதம் அவளுக்குச் சர்க்கரை அதிகம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஊசி ஒன்று இருக்கிறது, சர்க்கரையும் குறையும், உடம்பும் இளைக்கும் என்றார்கள். தொழிற்சாலையில் பாதிப் பெண்கள் அந்த ஊசியைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், சர்க்கரை இல்லாதவர்கள்கூட. மூட்டைபோல இருந்த மேற்பார்வையாளர் அம்மா இப்போது கன்னம் ஒட்டி வருகிறார், எல்லோரும் அவரிடம் ரகசியம் கேட்கிறார்கள். அம்மா அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போட்டுக்கவா?"

தாளைக் கிழித்தெறியக் கை துடித்தது. அவளுக்கு அது மருந்து. அதுவும் எனக்குத் தெரியும்.

"சக்கரைக்குன்னா போட்டுக்க மா," என்றேன்.

அம்மா தாளை நாலாக மடித்தாள். பிறகு, "மெலிஞ்சா நான் எப்படி இருப்பேன்?" என்று கேட்டாள்.

"தெரியாது மா."

"எனக்கும் தெரியல லா," என்றாள். "பத்தொம்பது வயசுல பாத்தது."