அவர் மேற்கே போனார்

என் கணவர் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட்டினார். ரொறன்ரோவில் சாமான் ஏற்றி, எல்லை கடந்து, சிக்காகோ, அயோவா, நெப்ராஸ்கா, வயோமிங் என்று மேற்கே போவார். கலிபோர்னியாவில் இறக்கிவிட்டு மரக்கறி ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

அந்தப் பாதையின் கதையில் அவருக்குப் பெரிய பைத்தியம். வழியில் எங்கே பழைய காலத்துக் கதை எழுதிய பலகை நட்டிருந்தாலும் இறங்கி வாசித்துவிட்டு, ரொறன்ரோவில் டோர்செட் பார்க்கிலிருந்த எங்கள் அபார்ட்மென்டுக்குப் போன் எடுப்பார்.

"இஞ்சை இப்ப நான் நிக்கிற இடத்தாலைதான் மாட்டுவண்டியள் போனது, தெரியுமே? வீடு வாசலை வித்துப்போட்டு, சும்மா காணி கிடைக்குமெண்டு, தங்கம் கிடைக்குமெண்டு, குஞ்சு குருமானோடை நடந்து போயிருக்கினம். பிறகுதான் ரயில் வந்தது. ரயிலுக்குப் பிறகுதான் உந்தப் பட்டணம், கோதுமை, காசு எல்லாம்."

எங்கள் மகள் போனைப் பறித்து, "அப்பா, மாட்டுக்குக் கால் நோகாதோ?" என்று கேட்பாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

ஒரு மாசி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் சாதாரணக் காய்ச்சல்தான். மத்தியானம் கழுத்தை மடக்க முடியாமல் அழுதாள். மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் அப்போது வயோமிங்கில் நின்றார். பனிப்புயலில் நெடுஞ்சாலையைப் பூட்டிவிட்டார்கள். முன்னுக்கும் போகமுடியாது, பின்னுக்கும் வரமுடியாது. ட்ரக்குக்குள் இருந்தபடி, "போனைப் பிள்ளையின்ரை காதிலை வையும்" என்றார். வைத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னப் பிள்ளைகளை எரிக்கிறதில்லை என்று ஐயர் சொன்னதால் அவளைப் புதைத்தோம். நிலம் உறைந்து கிடந்தது. மெஷின் கொண்டுவந்து உடைத்துத்தான் குழி வெட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் கைகளைக் கட்டியபடி நின்றார். அழவில்லை.

அதன்பிறகு அவர் வீட்டில் மகளின் பெயரைச் சொன்னதில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் கல்லறைக்குப் போவேன். வீட்டில் நின்றால் அவரே காரில் கொண்டுபோய் விடுவார். ஆனால் வாசலோடு சரி. உள்ளே வரமாட்டார். நான் திரும்பி வரும்வரை காரிலேயே இருப்பார். மனிசனுக்கு மனம் கல்லாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்போடு பல வருடம் சமைத்தேன், சாப்பாடு போட்டேன், துணி மடித்தேன்.

தெரிந்தவர்கள் எல்லாரும் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில், யூனியன்வில் என்று வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் அசையவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கோப்பையைப் பார்த்தபடி, "மேற்கை, கல்கரிக்குப் போவமே?" என்றார்.

"அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் கேக்கிறன். இஞ்சை எனக்கு மூச்சு முட்டுது."

"பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

அவர் கை கழுவ எழுந்தார். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து, "அடுத்த ட்ரிப்புக்கு ஒருக்கால் என்னோடை வாரும். பிறகு உம்மடை முடிவைச் சொல்லும்" என்றார்.

போனேன். சிக்காகோ தாண்டியதும் நிலம் தட்டையாகிவிட்டது. நெப்ராஸ்காவில் பிளாற் என்ற ஆறு றோட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. அகலமான ஆறு, ஆனால் ஆழம் இல்லை. இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான் வண்டிகள் மேற்கே போயினவாம். ஓரிடத்தில் அவர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு சின்ன மியூசியத்துக்கு முன்னால் ட்ரக்கை நிறுத்தினார். கால் நீட்டி நடக்கத்தான் என்று நினைத்தேன்.

உள்ளே மேசைக்குப் பின்னால் நரைத்த தலையுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். என் கணவரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள்தான் அம்மாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெண்ணே சொன்னார். "ஒவ்வொரு முறையும் இங்கே நிறுத்துவார். உங்கள் மகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். மாட்டுக்காகக் கவலைப்பட்ட பிள்ளை."

என்னிடம் ஒரு சொல் சொல்லாத மனிதர், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம், எங்கேயோ கிடந்த ஒரு ஊரில், என் பிள்ளையின் கதையைச் சொல்லியிருக்கிறார். பாவமாகவும் இருந்தது, நெஞ்சு எரியவும் செய்தது.

சுவரில் ஒரு பெரிய வரைபடம். கிழக்கே ஊர்களும் கோடுகளும் நிறைந்திருந்தன. மேற்கே வெறுமையாக விட்டிருந்தார்கள். என் கணவரின் முகத்தைப் பார்க்க முடியாமல், வாயில் வந்ததை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "முன்பு இந்த நிலத்தில் ஆட்கள் இருக்கவில்லையா?"

"இருந்தார்கள்," என்றார் அந்தப் பெண். "வந்தவர்கள், அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த எருமைகளைச் சுட்டு முடித்தார்கள். பிறகு அவர்களையும் துரத்திக் கலைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை எங்கே புதைத்தார்கள் என்று இங்கே ஒரு பலகையும் இல்லை."

நானும் சண்டையில் ஊரிலிருந்து கலைக்கப்பட்டு வந்தவள்தான். அந்த வெறுமையான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். புல்வெளியில் இரும்பு வேலி அடித்து ஒரு சின்னக் கல்லறை. வண்டியில் போன ஒரு குடும்பத்தின் பெண்பிள்ளையாம். கொலரா நோய் வந்து செத்தது. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

"இதுக்காவது கல்லிருக்கு. கனபேருக்கு இதுவும் இல்லை. ஓநாய் தோண்டுமெண்டு, புதைச்ச இடத்துக்கு மேலாலை வண்டியை ஓட்டிப்போட்டுப் போயிருக்கினம். பெத்த தாய் தேப்பன் இருந்த வண்டியை." வேலிக்குள் கையை விட்டுக் கல்லைத் தொட்டார். "அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டிருக்கினம். நிண்டிருந்தால் மலையிலை பனி வந்து மிச்சப் பிள்ளையளும் செத்திருக்கும். அவை போகத்தானே வேணும்? சொல்லும்."

பிறகு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் குந்தி அவர் முதுகைத் தடவினேன். நெடுஞ்சாலையில் ட்ரக்குகள் போய்க்கொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ," என்றேன். "அவைக்குப் பின்னாலை பனி வந்தது. எங்களுக்குப் பின்னாலை என்ன வருகுது?"

"எனக்கு வருகுது," என்றார். "அந்த ஆஸ்பத்திரி றோட்டாலை கார் ஓடேக்கை வருகுது. லிஃப்டிலை வருகுது. நான் அங்கை இருந்தால் செத்துப்போவன்."

"நான் அங்கையிருந்து வந்தால் செத்துப்போவன்."

சண்டை பிடித்திருந்தால்கூட ஒருவரையொருவர் மாற்றியிருக்கலாம். அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. நான் சொன்னதும் அவருக்கு விளங்கியது.

அந்த இலையுதிர்காலம் அவர் போனார். அவருடைய உடுப்புகளை நானே மடித்து வைத்தேன். குளிர் ஜக்கெட்டின் அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். போகிற வழியில் கல்லறைக்குப் போனோம். அன்றைக்கு அவர் காரிலிருந்து இறங்கினார். வாசல்வரை வந்தார். உள்ளே வர எவ்வளவோ முயன்றார், முடியவில்லை.

"வெள்ளிக்கிழமையிலை வரேக்கை, அப்பா சுகமாய் இருக்கிறாரெண்டு சொல்லும்," என்றார்.

இப்போது அவர் கல்கரியில் வீடு வாங்கியிருக்கிறார். உள்ளூருக்குள்தான் ட்ரக் ஓட்டுகிறார், எல்லை தாண்டுவதில்லை. எனக்கென்று ஒரு அறையை வெளிச்சமாக வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார். ஊர்ச்சனம் நாங்கள் பிரிந்துவிட்டதாகச் சொல்கிறது. நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். என்ன சமைத்தேன் என்று கேட்பார்.

போன கிழமையும் கேட்டார்: "ஒருக்கால் வந்து பாருமன்?"

"இல்லையப்பா," என்றேன்.

"ஓம், ஓம்," என்றார். பிறகு, அங்கே அன்று முழுக்க மழை என்றார்.